கோட்டை வாசலில் அடுப்பு

எழுபதுகளின் கடைசியில், வருஷத்துக்கு ஒரு தடவையாவது சுற்றுலா போய்வராத குடும்பத்தை எங்கள் கம்பம் ஊரில் யாரும் ஒரு குடும்பமாகவே மதிக்க மாட்டார்கள். வேலுச்சாமி என்றொருவர் பழைய பஸ் ஒன்றை வாடகைக்குப் பிடித்து, செஞ்சிக்கோட்டை, தரங்கம்பாடிக் கோட்டை, பத்மநாபபுரம் அரண்மனை, கொச்சித் துறைமுகம் என்று வருஷத்துக்கொரு திசையாக எங்களை ஏற்றிக்கொண்டு போவார். எனக்கு இரும்புக் கடை. உட்கார்ந்தே பழகிய உடம்பு. இடிந்த மதிலைப் பார்க்க இத்தனை படி ஏதுக்கு ஏற வேண்டும் என்று எனக்குக் கடைசிவரை விளங்கவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கு, சீட்டு வாங்கு, ஏறு, மூச்சு வாங்கு, ராஜா படுத்த கட்டிலைப் பார், திரும்ப இறங்கு. எல்லாக் கோட்டையிலும் இதே கதைதான். ஆனால் என் மனைவி சொர்ணலதா விடமாட்டாள்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு குணம் உண்டு. எந்தச் சீமைக்குப் போனாலும் சோறு மட்டும் நம் ஊர்ச் சோறாக இருக்க வேண்டும். மலையாள எல்லையான குமுளியைத் தாண்டிவிட்டால் போதும், அந்தச் சிவப்பு அரிசியும் தேங்காயெண்ணெய் வாடையும் ஆகாது என்று முகத்தைச் சுளிப்பார்கள். அதனால் பஸ்ஸின் மேலே அரிசி மூட்டையும் புளியும் கடலை எண்ணெயும் அண்டாவும் விறகும் ஏறும். இத்தனையையும் கட்டி மேய்க்க ராயப்பன்பட்டி மதலேனாள் அக்காவும் ஏறுவார்.

அக்காவின் புருஷன் சூசைமுத்து ஏலத்தோட்டத்தில் காய்ச்சல் கண்டு இறந்துபோனார். கையில் ஒரே மகன், பங்கிராஸ். அன்றைக்குப் பிடித்த கரண்டியை அக்கா அப்புறம் கீழே வைக்கவில்லை. நாங்கள் கோட்டைக்குள் போனதும் வாசலுக்கு வெளியே மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டிவிடுவார். நாங்கள் பசியோடு திரும்பும்போது சோறு வடித்திருக்க வேண்டும், அதுதான் ஏற்பாடு. இப்படி ஊர்ப்பட்ட கோட்டைகளுக்குப் போயும் ஒன்றின் உள்ளேயும் அவர் காலடி பட்டதில்லை. பஸ்ஸில் வருகிறவர்களோ, மதலேனாள் பார்க்காத கோட்டையா என்று கேலி பேசுவார்கள். எனக்குச் சில சமயம் எரிச்சலாக வரும். அவர்கள் வாயில் போவதும் அந்த அம்மாள் பொங்கிய சோறுதானே!

ஒரு தடவை நானே கேட்டேன், கன்னியாகுமரிப் பக்கத்து வட்டக்கோட்டை எப்படியிருந்தது என்று.

"அங்கன கடக்காத்து அடுப்ப எரியவிடாது தம்பி. செஞ்சியில நெழலு உண்டு, தண்ணிக்குத்தான் நாயா அலையணும். அரமனைக்கு முன்னாடி கொழா இருக்கு, குத்தமில்ல."

"ஒரு எட்டு உள்ள போய்ப் பாத்துட்டு வாங்களேன்க்கா."

"நான் உள்ள போனா சோத்த யாரு வடிக்கிறது? போங்க தம்பி. இந்தக் கரண்டி என்னோட போகட்டும். எம் மகன் கையில ஏறக் கூடாது. அது ஒண்ணுதான் எனக்கு வேணும்."

பங்கிராஸ் கடற்படையில் சேர்ந்தபோது அக்கா ஊருக்கே மிட்டாய் கொடுத்தார். லீவில் வந்தவன், கப்பலில் மிசின் ரூமில் வேலை என்று சொல்லியிருக்கிறான். அவ்வளவுதான், கோயிலிலும் சந்தையிலும் அக்காவுக்கு வேறு பேச்சே கிடையாது. கொஞ்ச நாளில் அந்தக் கப்பலே பங்கிராஸ் கையில்தான் ஓடுகிறது என்கிற அளவுக்குப் போய்விட்டது. கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது புளித்தது. ஆனாலும் யாரும் மறுத்துப் பேசவில்லை. அந்த முகத்தில் வேறெதற்கும் அவ்வளவு வெளிச்சம் வந்து நாங்கள் பார்த்ததில்லை.

அந்த வருஷம் டிசம்பரில் வேலுச்சாமி கொச்சிக்கு ஏற்பாடு செய்தார். கடற்படை வாரம், போர்க்கப்பலுக்குள் பொதுஜனங்களை விடுகிறார்கள் என்றார். பங்கிராஸின் கப்பலும் அங்கேதான் நின்றது. அக்கா வேலுச்சாமியிடம் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

"அன்னைக்கு ஒரு நா மட்டும் நானும் பாக்குற ஆளு. எம் மகன் மிசினு பக்கத்துல நிக்கிறத நான் பாக்கணும். சொல்லாமக் கொள்ளாமப் போயி நிப்பேன்."

வேலுச்சாமி தலையைச் சொறிந்தார். சொர்ணலதாதான், உலையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று முன்வந்தாள். வீட்டில் நாலு பேருக்குப் பொங்குகிறவள் ஒரு பஸ் சனத்துக்கு வடிக்கப் போகிறாளாம்! அன்றைக்குப் பட்டினிதான் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

கொச்சியில் வெயில் மண்டையைப் பிளந்தது. கப்பலுக்குப் போகும் வரிசை நகரவே இல்லை. அக்கா வெளுத்த சேலை கட்டி, மகனுக்காகக் கம்பத்துத் திராட்சையை ஒரு துணியில் முடிந்து கையில் வைத்திருந்தார். என் முதுகு விண்விண்ணென்று தெறித்தது. ஒருவழியாக மரப்பாலத்தில் ஏறி உள்ளே போனோம். சனங்கள் பீரங்கியைத் தடவிப் பார்த்தார்கள், பிள்ளைகளைத் தூக்கிக் காட்டினார்கள். அக்கா ஒன்றையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. வெள்ளை உடுப்பில் நின்ற ஒரு மலையாளிப் பையனிடம் நேரே போய்ப் பங்கிராஸ் பெயரைச் சொன்னார்.

"பங்கிராஸோ? அடுக்களயில் உண்டு, அம்மச்சி."

புருஷனோடு மலையாளத்து ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்த அக்காவுக்கு அடுக்களை என்றால் சமையல்கட்டு என்று தெரியாதா? தெரிந்துதான் சிரித்தார்.

"மத்தியானம்ல, சாப்பிடப் போயிருப்பான். பசி பொறுக்க மாட்டான் தம்பி."

அந்தப் பையன் நல்லவன். அம்மா என்று தெரிந்ததும் வரிசையிலிருந்து எங்களைப் பிரித்து, குறுகலான இரும்புப் படியில் கீழே கூட்டிப்போனான். கீழே ஒரே ஆவி. சுவரோடு சுவராகப் பெரிய பெரிய கொப்பரைகள். முதுகைக் காட்டி நின்றுகொண்டு ஒருவன் நீளமான துடுப்பால் சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தான். பனியன் முழுக்க வேர்வை. எனக்கு ஆள் யாரென்று தெரியவில்லை. பெற்றவளுக்கு முதுகு போதாதா?

அக்கா கூப்பிடவில்லை. அவனாகத்தான் எதையோ எடுக்கத் திரும்பினான். கை அப்படியே நின்றுவிட்டது.

"ஆத்தா."

"வேலையப் பாருடா. அடிப்பிடிக்கும்."

அவ்வளவுதான் சொன்னார். திராட்சையைக்கூடக் கொடுக்கவில்லை. நான் பின்னால் ஓடி வந்து பிடிப்பதற்குள் மேலே ஏறிவிட்டார். எனக்குப் பாவமாக இருந்தது.

பஸ் நின்ற இடத்துக்கு முன்னாலேயே தீய்ந்த வாடை வந்துவிட்டது. சொர்ணலதா கண்ணைத் துடைத்தபடி அண்டாவைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். வேறொரு நாளாக இருந்தால் அக்கா அவளை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார். அன்றைக்கு அண்டாவை எட்டிக்கூடப் பார்க்காமல் பஸ் படியில் போய் உட்கார்ந்தார். எல்லோரும் பன்னையும் பழத்தையும் தின்று, வேலுச்சாமியைத் திட்டிக்கொண்டே டச்சு அரண்மனை பார்க்கப் போனார்கள். முதுகு வலியைச் சாக்கு வைத்து நான் மட்டும் பஸ்ஸிலேயே கிடந்தேன்.

சாயங்காலம் எல்லோரும் திரும்பி வந்தபோதும் அக்கா அதே படியில்தான் இருந்தார். அடுப்பு குளிர்ந்து கிடந்தது.

"அக்கா, ராத்திரிக்கு என்ன பண்ண? சனங்க பசியில நிக்கிறாக" என்றார் வேலுச்சாமி.

"எனக்கு அலுப்பா இருக்குய்யா. என்னால முடியாது."

அக்கா வாயிலிருந்து அந்த வார்த்தையை நாங்கள் யாரும் கேட்டதில்லை. வேலுச்சாமி என் முகத்தைப் பார்த்தார். அப்போதுதான் பங்கிராஸ் வந்தான். அனுமதி வாங்கிக்கொண்டு வந்திருக்கிறான். வெள்ளை உடுப்போடு அம்மா முன்னால் வந்து தலைகுனிந்து நின்றான்.

"ஏன்டா பொய் சொன்ன?"

"மிசினுக்குப் படிச்ச ஆளத்தான் எடுப்பாக ஆத்தா. வேற என்ன வேலை தெரியும்னு கேட்டாக. ஒங்கூட பஸ்ஸுல வந்து பழகுனது இது ஒண்ணுதான் எனக்குத் தெரியும்."

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவன் சட்டையைக் கழற்றிப் பஸ் ஜன்னலில் மாட்டிவிட்டு, சொர்ணலதா கைவிட்ட அண்டாவைச் சாம்பல் போட்டுத் தேய்த்தான். கல்லைக் கூட்டினான். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதென்று பார்த்து விறகைத் திருப்பி வைத்தான். யாரும் அவனுக்கு ஒன்றும் எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

சோறும் புளிக்குழம்பும் இறங்கின. நாங்கள் இலையைப் போட்டுக் காத்திருந்தோம். எங்களுக்குப் போடாமல் அவன் முதல் கரண்டியைக் கொண்டுபோய் அம்மாவின் தட்டில் போட்டான். எத்தனையோ வருஷமாக அடிச்சோறு தின்றே பழகிய அந்த அம்மாள் முதல் சோற்றைப் பிசைந்து வாயில் வைத்தார். மென்றார். இன்னொரு வாய் வைத்தார்.

"எப்படி ஆத்தா இருக்கு?"

அக்காவின் கண்ணீர் தட்டில் விழுந்தது. துடைத்துக்கொள்ளவும் இல்லை.

"நல்லா இருக்குடா. எங் கைப் பக்குவம் அப்படியே இருக்கு. அதுதான் எனக்கு மனசு ஆற மாட்டேங்குது."