அம்மிக் குழவி ஏறிய பிள்ளை வண்டி

1. ஆறு கேரியர்

புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் ஒரு சைக்கிள் கடையில் நான் ஃபிட்டராகச் சேர்ந்து அது நாலாவது வருஷம். சமஸ்தான காலம். யுத்தம் இன்னும் வரவில்லை. ஒரு நாள் காலையில் ரயிலடியிலிருந்து மாட்டு வண்டியில் இரண்டு பெரிய மரப்பெட்டிகள் வந்து இறங்கின. மதராஸ் கம்பெனியிலிருந்து பார்சல். நான் கடப்பாரையால் ஆணியை நெம்பித் திறந்தேன். வைக்கோலுக்குள்ளிருந்து முதலில் ஒரு சக்கரம் வந்தது. அப்புறம் கறுப்பு நிறத்தில் ஒரு ஹூட். கடைசியாக ஒரு சின்ன மெத்தை.

முதலாளி காசிலிங்கம் அந்த மெத்தையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சுப்பையா, நாம என்னப்பா கேட்டோம்?"

"கேரியர் மொதலாளி. சைக்கிளுக்குப் பின்னாடி மாட்டுறது. ஆறு."

"இது பிள்ளைய வைக்கிறதுப்பா."

கடையில் இங்கிலீஷ் கடிதம் எழுதுவதும் என் வேலைதான். மூன்றாம் பாரம் வரைக்கும் படித்தவன் நான் ஒருவன். கேட்லாகில் 'கேரேஜ்' என்ற சொல்லைப் பார்த்ததும் சந்தோஷமாக அதன் நம்பரை எழுதி அனுப்பிவிட்டேன். அந்தச் சொல்லுக்கு முன்னால் இன்னொரு சொல் இருந்தது. அது கைக்குழந்தையைக் குறிப்பது என்று பெட்டியைத் திறந்த பிறகுதான் தெரிந்தது.

பெட்டியோடு ஒரு கடிதமும் இருந்தது. இரண்டு மாதிரியில் ஒவ்வொன்று அனுப்பியிருக்கிறோம், பாக்கி நாலும் பின்னால் வருகிறது என்று எழுதியிருந்தார்கள். முதலாளி என்னைத் தபாலாபீசுக்கு விரட்டினார். தந்தி வாங்கும் கிளார்க் ராமலிங்கம் சார் என் தாளை மூன்று தரம் படித்தார்.

"கேரேஜ் அனுப்ப வேணாம்னு எழுதியிருக்கே. என்ன கேரேஜ்?"

நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அதுல எத்தனை மாசப் பிள்ளைய வைக்கலாம்?" என்று மட்டும் கேட்டார்.

கடைக்குத் திரும்பியதும் முதலாளி தீர்ப்பைச் சொன்னார். "ரெண்டும் தை மாசத்துக்குள்ள போகணும். இல்லைன்னா நீ போகணும்."

2. பார்க்க வந்தவர்கள்

இரண்டு வண்டிகளின் பாகங்களையும் பூட்டி வாசலில் நிறுத்தினேன். பெரியது நாலு உயரமான சக்கரமும் குலுக்கலைத் தாங்கும் வில் பட்டையும் வைத்து, சின்ன மோட்டார் கார் மாதிரி இருந்தது. மற்றது சின்னது, பிரம்புப் பின்னலில் படுக்கை, சின்னச் சக்கரங்கள், மேலே ஒரு துணிக் கூரை.

ஊரே வந்து பார்த்தது. வாங்கத்தான் ஆளில்லை. கறுப்பு ஹூட் போட்ட வண்டியில் தலைப்பிள்ளையை வைக்கலாமா என்று பாதிப்பேர் கேட்டார்கள். ஒருவர் ஆட்டுக்கிடாயைப் பூட்டினால் இழுக்குமா என்றார். அறந்தாங்கிப் பக்கத்து மிராசுதார் ஒருவர் வெகுநேரம் சுற்றிச் சுற்றி வந்தார். எனக்கு நம்பிக்கை வந்தது.

"இதுலயே பெரிய சைஸ் வருமாப்பா?"

"எத்தனை வயசுப் பிள்ளைக்குங்க?"

"எம் பொஞ்சாதிக்குப்பா. கோயிலுக்கு நடக்க மாட்டேங்குறா."

மார்கழி பிறந்தது. முதலாளி தினமும் வண்டிகளைப் பார்த்துவிட்டு அப்புறம் என்னைப் பார்ப்பார். நான் ஹூட்டைத் துடைத்துக்கொண்டிருப்பேன். துடைத்தே அதன் பளபளப்பு பாதி போய்விட்டது.

3. நூல் கொண்டு வந்த அம்மா

ஒரு சனிக்கிழமை ராமலிங்கம் சார் வந்தார். கூடவே அவர் சம்சாரம். பெண்கள் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு எடுக்கும் மரகதம் டீச்சர். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் டீச்சருக்கு வலது கால் இளைத்துவிட்டது. சுவரையோ மேசையையோ தொட்டுக்கொண்டுதான் நடப்பார். பிள்ளை பிறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

சார் நேரே பெரிய வண்டியிடம் போனார். "வாங்குறதுதான் வாங்குறோம், காரு மாதிரி இருக்கட்டுமே."

முதலாளி முகம் மலர்ந்தது. "சார் கண்ணு தப்பாதுங்க. சீமைச் சரக்கு."

டீச்சர் இடுப்பில் சொருகியிருந்த நூல் ஒன்றை எடுத்தார். அதில் ஒரு முடிச்சு இருந்தது. நூலின் ஒரு முனையை வண்டியின் இந்தப் பக்கம் வைத்து அந்தப் பக்கம் இழுத்தார். வண்டி முடிச்சைத் தாண்டி நாலு விரல் நீண்டிருந்தது.

"எங்க வீட்டு வாச நெலை அகலம் இம்புட்டுத்தான். இது உள்ள வராது."

"வாசல்ல நிப்பாட்டிக்கலாமே," என்றார் முதலாளி.

"பிள்ளையையுமா?" என்றார் டீச்சர்.

அப்புறம் சின்ன வண்டிக்கு வந்தார். சார் மெல்ல, "யோசிச்சுக்க. இதைத் தள்ளிக்கிட்டுத் தெருவுல போனா ஊரு சிரிக்கும்," என்றார்.

டீச்சர் என்னைப் பார்த்துப் பேசினார். பள்ளிக்கூடம் போகும்முன் பிள்ளையை இரண்டு தெரு தள்ளி இருக்கும் தங்கை வீட்டில் விட வேண்டும். காலையிலேயே சார் ஆபீசுக்குப் போய்விடுவார். "போன வாரம் வாசப்படியில கால் தடுக்குச்சு. பிள்ளைய விடல. நான் விழுந்தேன்." முழங்கையைத் திருப்பிக் காட்டினார். காயம் ஆறாமல் இருந்தது. சார் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சின்ன வண்டி நூலுக்குள் அடங்கியது. டீச்சர் ஒரு கையால் கடைக்குள்ளேயே தள்ளிப் பார்த்தார். சுகமாக உருண்டது. "இதையே எடுத்துக்கிறோம்," என்றார்.

என் வேலை பாதி காப்பாற்றப்பட்டுவிட்டது. ஆனால் அவர் மேசை விளிம்பில் எப்படி ஊன்றி நின்றிருந்தார் என்பதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இந்த அம்மா வண்டியைத் தள்ளமாட்டார், அதன் மேல் சாய்ந்து நடப்பார். கைப்பிடியில் பாரம் விழுந்தால் அந்த வண்டி என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். நான் வாயைத் திறப்பதற்குள் முதலாளி தொண்டையைச் செருமினார். 'சும்மா இரு' என்பதற்கு அவர் வழக்கமாகச் செய்வது அது.

"டீச்சரம்மா, இது குடை சாயுங்க," என்றேன்.

கைப்பிடியை அழுத்திக் காட்டினேன். முன் சக்கரங்கள் இரண்டும் அந்தரத்தில் எழும்பின. டீச்சர் குனிந்து சக்கரங்களைப் பார்த்தார்.

"சரி பண்ண முடியுமா?"

"பின் ஆக்சிலை ஒரு சாண் பின்னால தள்ளிப் போட்டா நிக்குங்க. நாளைக்கு வாங்க. பாரம் ஏத்திப் பாத்துட்டு எடுத்துக்கங்க."

அவர்கள் போனார்கள். மத்தியானம் சாப்பிடப் போகும்போது முதலாளி, "நாளைக்கு அவுங்க வரலைன்னா நீயும் வராதே," என்றார்.

4. கனம் பார்த்தது

மறுநாள் பிள்ளையைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டு வந்தார்கள். நான் இரும்புப் பட்டையை வைத்து நீட்டி ஆக்சிலைத் தள்ளிப் போட்டிருந்தேன். பிள்ளையின் கனத்துக்கு என்ன ஏற்றுவது என்று யோசித்து, பக்கத்தில் இட்லி விற்கும் கிளப்புக் கடை ஐயரிடம் அம்மிக் குழவியை இரவல் வாங்கி வந்தேன். பிரம்பில் கீறல் விழாமல் இருக்க டீச்சர் தன் பையிலிருந்த வெள்ளைத் துணியில் அதைச் சுற்றினார். பழக்க தோஷம், பிள்ளையைச் சுற்றுகிற மாதிரியே சுற்றி, தலைமாட்டை மேலே வைத்துப் படுக்க வைத்தார்.

டீச்சர் கைப்பிடியில் நன்றாகச் சாய்ந்து பத்தடி நடந்தார். வண்டி அசையாமல் நின்று தாங்கியது. "நீங்களும் தள்ளிப் பாருங்க," என்று சாரிடம் கொடுத்தார். சார் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, சுடுகிற பாத்திரத்தைப் பிடிக்கிற மாதிரி இரண்டு விரலால் கைப்பிடியைப் பிடித்தார்.

எங்கள் கடை வாசலிலிருந்து தெரு ஊருணிப் பக்கமாகக் கொஞ்சம் சரிவு. சார் தெருவில் நாலடி போயிருப்பார். எதிரே, கையில் குடையோடு போஸ்ட் மாஸ்டர் வந்துகொண்டிருந்தார். சாருக்கு மேலதிகாரி. சாருடைய கை தானாகக் கைப்பிடியை விட்டது. சார் சுவரில் ஒட்டியிருந்த நாடக நோட்டீசை அக்கறையாகப் படிக்க ஆரம்பித்தார்.

வண்டி தன்பாட்டில் போனது.

"ஆத்தாடி, பிள்ளை போகுது," என்று வெற்றிலைக்காரி கூடையைப் போட்டுவிட்டு எழுந்தாள். அவ்வளவுதான். தெருவே எழுந்துவிட்டது. 'குழவிதான், குழவிதான்' என்று நான் கத்திக்கொண்டு ஓடினேன். அது யார் காதிலும் விழவில்லை. ஒரு குதிரை வண்டிக்காரர் குதிரையை இழுத்துப் பிடித்தார். போஸ்ட் மாஸ்டர் கனத்த சரீரம். அவர் குடையை எறிந்துவிட்டு, பஞ்சகச்சத்தோடு பாய்ந்து, ஊருணிப் படிக்குப் பத்தடி முன்னால் வண்டியைப் பிடித்து நிறுத்தினார். துணிப் பொதியை வாரி மார்போடு அணைத்தார்.

அணைத்தவர் முகம் வெளுத்துவிட்டது.

"அசையலையே," என்றார். "சில்லுனு இருக்கே."

அந்த நேரத்தில் மூச்சிரைக்க ராமலிங்கம் சார் வந்து சேர்ந்தார். "சார், அது குழவி சார்."

"தெரியுதுய்யா. யாரு குழவி?"

"கிளப்புக் கடைக் குழவி சார்."

போஸ்ட் மாஸ்டர் துணியை விலக்கினார். கல்லைப் பார்த்தார். சாரைப் பார்த்தார். கல்லில் முந்தின நாள் சட்னி கொஞ்சம் ஒட்டியிருந்தது. அது அவர் அங்கவஸ்திரத்திலும் பட்டிருந்தது. சுற்றி நின்றவர்களில் யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. கடைசியில் சிரித்தது போஸ்ட் மாஸ்டர்.

அப்போதுதான் டீச்சர் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்து சேர்ந்தார். எல்லோரும் சிரிப்பதை நிறுத்தினார்கள். டீச்சர் அந்தச் சரிவையும் ஊருணிப் படியையும் ஒரு தரம் அளந்து பார்த்தார். சார் தலை குனிந்தார். பிறகு அவரே போஸ்ட் மாஸ்டரிடமிருந்து குழவியை வாங்கி வண்டியில் வைத்து, இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்து, அத்தனை பேர் பார்க்கக் கடை வரைக்கும் மேட்டில் தள்ளிக்கொண்டு வந்தார்.

கடைக்கு வந்ததும் டீச்சர் என்னிடம் கேட்டார்: "தம்பி, கையை விட்டா நிக்கிற மாதிரி பண்ண முடியுமா?"

5. பிரேக்

சைக்கிள் பிரேக் பிடித்தால் நிற்கும். இது விட்டால் நிற்க வேண்டும். இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் பிரேக் கட்டை எப்போதும் ரிம்மை அழுத்திக்கொண்டிருக்கும்படி ஒரு வலுவான ஸ்பிரிங் போட்டு, கைப்பிடியோடு சேர்த்து ஒரு லிவர் வைத்தேன். லிவரை அழுத்திப் பிடித்தால்தான் சக்கரம் உருளும். குழவியை ஏற்றி அதே சரிவில் பத்து தரம் கையை விட்டுப் பார்த்தேன். பத்து தரமும் நின்றது. அதன் பிறகு ஐயர் குழவியைத் திருப்பிக் கேட்டார். கிளப்பில் இரண்டு நாளாகச் சட்னி இல்லையாம்.

பெரிய வண்டியை ஐயரே எடுத்துக்கொண்டார். கோர்ட்டுக் கச்சேரிக்கு இட்லிப் பாத்திரம் கொண்டுபோக அதைவிட வசதி இல்லை என்றார். வில் பட்டை இருப்பதால் சாம்பார் சிந்தாது. வக்கீல்கள் ஹூட்டைத் தூக்கிப் பார்த்து இட்லி வாங்கினார்கள். முதலாளி என்னைப் போகச் சொல்லவில்லை. கேட்லாகை மட்டும் தன் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டார்.

தை மாதம் ஒரு காலையில், பிரேக் சரியாக இருக்கிறதா என்று பார்க்க டீச்சர் வீட்டுத் தெருவுக்குப் போனேன். வண்டி நிலையைத் தாண்டி வெளியே வந்தது. உள்ளே பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. டீச்சர் இரண்டு கையையும் கைப்பிடியில் வைத்துச் சாய்ந்து நடந்தார். சுவர் ஓரமாக இல்லை, தெரு நடுவில். என்னைப் பார்த்ததும், "என்ன சுப்பையா, இங்கிட்டு?" என்றார்.

"பிரேக் பாக்க வந்தேங்க."

"நல்லாருக்கு. பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு, வாரேன்," என்று சொல்லி என்னைத் தாண்டிப் போனார். நான் கொஞ்சம் வேகமாக நடந்தும் தெருமுனை வரைக்கும் அவரைப் பிடிக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு முப்பது வருஷம் வண்டி விற்றேன். வாங்க வருகிறவர்களிடம் முதலில் வண்டியைக் காட்டமாட்டேன். ஏதாவது சாக்குச் சொல்லிக் கடைக்குள் நாலடி நடக்க வைப்பேன். எதைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்வேன். என்ன வண்டி கொடுக்க வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.