விதைக்கு விட்ட ஆள்

மலாயாவுக்கு வந்து பதினெட்டு வருஷமாகிறது. ஒருவனுக்குத் தெம்பு போய்விட்டது என்று வெள்ளைக்காரர்கள் நேராகச் சொல்லி நான் கேட்டதில்லை. ‘ஓவர் த ஹில்’ என்பார்கள், மலையைத் தாண்டிவிட்டானாம். நான் ரஞ்சன்குடிக்காரன். எங்கள் கோட்டை மேட்டைத் தாண்டினால் பெரம்பலூர் சந்தை வரும். தாண்டுகிறவனுக்குத் தெம்பு கூடத்தான் செய்யும்.

ஜப்பான்காரன் போன பிறகு எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு வந்த புதுத் துரை, ஒவ்வொருவர் பேருக்கு நேரேயும் ஒரு வரி எழுதிக் கொடுத்தார். அதை டைப் அடிப்பது கிராணியான என் வேலை. என் பேருக்கு நேரே அந்த மலைதான் இருந்தது; டைப் அடிக்க வேறு ஆளில்லாததால் தப்பித்தேன். சிறுவாச்சூர் அய்யாக்கண்ணு அண்ணனுக்கு ‘கான் டு சீட்’. விதைக்குப் போய்விட்டான், இனி உதவமாட்டான், ஊருக்குக் கப்பலேற்று என்று அர்த்தம். நாலு ரப்பர் பால்வாளியைக் காவடியாகத் தூக்கி நடந்தவர் அவர். சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் பிடித்துப்போனான்; எலும்பும் தோலுமாகத் திரும்பினார். மகளை இங்கேதான் கட்டிக்கொடுத்திருந்தார். ஊரில் ஒரு தங்கை மட்டும்.

“தொர என்னங்க எழுதிருக்காரு?” என்று கேட்டார். பொய் சொல்ல வாய் வரவில்லை. வார்த்தையையும் சொன்னேன், அர்த்தத்தையும் சொன்னேன்.

மனிதர் சிரித்துவிட்டார். “ஒதவாததையா விதைக்கு வுடுவாங்க?”

எனக்கு வெட்கமாகப் போயிற்று. வேலியில் முதலில் திரளும் நல்ல சுரைக்காயில் என் அம்மா கந்தல் துணி கட்டிவிடுவாள். மாப்பிள்ளையே விருந்துக்கு வந்தாலும் அதில் கத்தி படாது. திருடன்கூடப் பக்கத்துக் காயைத்தான் பறிப்பான்.

மறுநாள் காலை, துணி கட்டிய காய்ந்த சுரைக்காய் ஒன்றைக் கொண்டுவந்து துரையின் மேஜையில் வைத்தார் அண்ணன்.

“சொல்லுங்க கிராணியாரே. இருக்கறதுல நல்லதத்தான் விதைக்கு வுடுவோம். என்னைய நாத்து மேடைக்கு அனுப்பச் சொல்லுங்க. கன்னுங்கள நான் பாத்துக்கறேன்.”

அப்படியே சொன்னேன். துரை காயை ஆட்டிப் பார்த்தார். “சமைத்தால் ருசிக்குமா?” என்று கேட்டார். அதை நான் தமிழில் சொன்னதுதான் தாமதம், அண்ணன் பதறிப்போய்க் காயைப் பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். துரை விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு பென்சிலை எடுத்து அந்த வரியை அடித்துவிட்டு, ‘நர்சரி’ என்று எழுதினார்.

அன்று சாயங்காலம் அண்ணன் வீட்டு வாசலில் காயை உடைத்தோம். தங்கைக்குக் கப்பலில் அனுப்ப ஒரு பங்கு, இங்கே வேலியோரம் ஊன்ற ஒரு பங்கு என்று விதைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தார். கடைசியில் ஒன்று மிஞ்சியது. இந்தப் பக்கம் கொண்டுபோனார், அந்தப் பக்கம் கொண்டுபோனார். பிறகு எதிலும் சேர்க்காமல் வேட்டி மடியில் முடிந்துகொண்டார்.