தொண்ணூறு சென்டிமீட்டர்

தொண்ணூறு, எழுபது, தொண்ணூற்றாறு. மார்பு, இடை, இடுப்புச் சுற்று, மூன்றும் சென்டிமீட்டரில். பிரா தைத்து ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியின் சாம்பிள் ரூமில், வெள்ளைப் பலகையின் மேல் மூலையில் இந்த மூன்று எண்களும் அழிக்கப்படாமல் எட்டு வருடம் இருந்தன. அவை ஒரு பெண்ணின் உடம்பு. புது டிசைன் எது வந்தாலும் முதலில் அவள் மேல் போட்டுப் பார்ப்பார்கள். அவள் சரி என்ற பிறகுதான் அது மெஷினுக்குப் போகும். அதனால் அவளுக்குப் பெயரே தொண்ணூறு என்று ஆகிப்போனது. சின்னவர்கள் மட்டும் மரியாதைக்கு ‘தொண்ணூறு அக்கா’ என்பார்கள்.

அந்தத் தொண்ணூறு அவளோடு பிறந்ததல்ல. பிறந்து வளர்ந்தது எண்பத்தாறு.

இருபத்திரண்டு வயதில் செக்கிங் லைனில் சேர்ந்தாள். குழல் விளக்குக்குக் கீழே பத்து மணி நேரம் நின்றுகொண்டு, தைத்து வரும் பீஸில் பிசிறும் விட்டுப்போன தையலும் தேடுகிற வேலை. தண்ணீர் குடிக்கப் போனால்கூட சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்ப்பாள். ஏழு வருடத்தில் கால் நரம்பு முடிச்சுப் போட்டுக்கொண்டது. அப்போதுதான் சாம்பிள் ரூமில் நின்றுகொண்டிருந்த பெண் கர்ப்பமாகி வேலையை விட்டாள். மேனேஜர் நானூறு பெண்களையும் கேன்டீனில் வரிசையாக நிறுத்தி டேப் வைக்கச் சொன்னார். அளந்தவர் பேட்டர்ன் மாஸ்டர். துணியை வெட்டுவதற்கு முன் காகிதத்தில் வடிவம் வரைகிறவர்; வாயில் எந்நேரமும் நான்கு குண்டூசி.

“மத்ததெல்லாம் அச்சுல வார்த்த மாதிரி இருக்கு சார். மேல மட்டும் நாலு சென்டிமீட்டர் கம்மி,” என்றார், குண்டூசியை எடுக்காமலே. வரிசை முழுக்கச் சிரித்தது.

“நாலு சென்டிமீட்டர்ல உலகம் கவுந்துடுமா? வச்சுக்கலாம்,” என்றார் மேனேஜர்.

வைத்துக்கொள்வது என்றால் என்ன என்று அவளுக்கு ஒரு வாரம் கழித்துத்தான் புரிந்தது. டாக்டரைக் கம்பெனியே பார்த்தது. சிலிகான் பை இரண்டு, பக்கத்துக்கு ஒன்று. பத்து வருடத்துக்குக் கவலை இல்லை என்றார்கள். கையெழுத்துக்கு நீட்டிய காகிதத்தில் மறுபடி அறுவை தேவைப்படலாம் என்று சின்ன எழுத்தில் இருந்தது. மேனேஜர் பேனாவின் மூடியைத் திறந்து கையிலேயே கொடுத்துவிட்டதால் அவள் படிக்கவில்லை. சாம்பிள் ரூமில் ஏசி உண்டு, நாற்காலி உண்டு, கதவு உண்டு, கத்த ஆள் கிடையாது. அது போதுமாக இருந்தது.

குழாய் ரிப்பேர் செய்கிற புருஷன் கட்டுப் பிரித்த அன்று சுற்றி வந்து பார்த்தான்.

“இது கம்பெனி சொத்தா, வீட்டுச் சொத்தா?”

“பகல்ல கம்பெனிது.”

“லீக் ஆனா சொல்லு. வாஷர் நானே மாத்திடறேன்.”

அவளும் சிரித்தாள். அப்போது சிரிக்க முடிந்தது.

சாம்பிள் ரூமில் அவள் வேலை, மர ஸ்டூலின் மேல் நின்று உண்மை சொல்வது. பிராவை மாட்டிவிட்டு மாஸ்டர் கேட்பார்: “எங்கே கடிக்குது?” கம்பி குத்தினாலும் பட்டை அழுத்தினாலும் அந்தத் தொழிலில் எல்லாமே கடிப்பதுதான். அவள் விரல் வைத்துக் காட்டுவாள். மாஸ்டர் அங்கே பிரித்துத் தளர்த்திக் குண்டூசி குத்துவார். அவர் எப்போதும் அவளுடைய இடது பக்கம்தான் நிற்பார், ஜன்னல் வெளிச்சம் அந்தப் பக்கம். ஒரு பக்கம் சரியானால் போதும். பேட்டர்ன் என்பது பாதிதான். இடதை வரைந்து காகிதத்தைப் புரட்டிப் போட்டால் வலது.

ஆறாம் வருடம் இடது பக்கம் இறுக ஆரம்பித்தது. முதலில் யாரோ உள்ளே ரப்பர் பேண்ட் போட்டது போல. பிறகு ஒருக்களித்துப் படுக்க முடியாமல் போனது. பிறகு தொட்டால் மேஜை விளிம்பைத் தொட்டது போல இருந்தது. உள்ளே வைத்த பையைச் சுற்றி உடம்பு ஓர் உறை கட்டும், சிலருக்கு அந்த உறை சுருங்கிப் பையை நெரித்து மேலே தள்ளும் என்பதெல்லாம் அவளுக்குப் பின்னால் தெரிந்தது. டாக்டரிடம் அவள் போகவில்லை. டாக்டரிடம் சொன்னால் மேனேஜர் காதுக்குப் போகும். மேனேஜர் காதுக்குப் போனால் மறுபடி குழல் விளக்கு. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மாஸ்டரின் டேப்புக்கு ஒன்றும் தெரியவில்லை. திங்கட்கிழமை தோறும் சுற்றளவு எடுப்பார், தொண்ணூறு வரும். மார்பு மேலே ஏறுவதை டேப் சொல்லாது.

ஆனால் துணி கேட்டுக்கொண்டது. “எங்கே கடிக்குது?” என்பார். “இங்கே,” என்பாள், இடது பக்கக் கீழ் விளிம்பைக் காட்டி. மாஸ்டர் கம்பியை இரண்டு மில்லிமீட்டர் உயர்த்துவார். அடுத்த சீசனில் இன்னும் மூன்று. இரண்டு வருடத்தில் அவளுடைய நோயை நூல் பிடித்தாற்போல் வரைந்து, புரட்டிப் போட்டு, இரண்டு பக்கமும் தைத்து, அறுபதாயிரம் பிராவாகக் கப்பல் ஏற்றினார்கள்.

அறுபதாயிரமும் திரும்பி வந்தன. கம்பி மார்புக்குக் கீழே உட்காராமல் மார்பு மேலேயே ஏறி உட்காருகிறது என்று ஊர் ஊராகப் புகார். வாங்குகிற கம்பெனியிலிருந்து ஒரு அம்மாள் விமானம் ஏறி வந்தாள். சாம்பிள் ரூமில் பதினொரு பேர். தொண்ணூறை ஸ்டூலில் ஏற்றி அதே பிராவை மாட்டினார்கள். இடது பக்கம் தோல் போல ஒட்டியது. வலது பக்கம் கம்பி குறுக்கே ஏறி நின்றது. அந்த அம்மாள் இரண்டு கையையும் தூக்கச் சொன்னாள். பிறகு கட்டைவிரலால் இடது மார்பை அழுத்தினாள், பழக்கடையில் அழுத்துவது போல. விரல் உள்ளே போகவில்லை. திரும்பி மேனேஜரைப் பார்த்தாள்.

“எத்தனை நாளா இது?” மேனேஜரின் குரல் தாழ்ந்திருந்தது.

“ரெண்டு வருஷமா சார்.”

“வாயில என்ன கொழுக்கட்டையா? சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னேனே சார். ஒவ்வொரு தடவையும் கடிக்குதுன்னு சொன்னேன்.”

“துணி கடிக்குதுன்னு நினைச்சோம்,” என்றார் மாஸ்டர். “இவ உடம்பை நம்பி வரைஞ்சேன் சார். என் கையில தப்பில்ல.”

அவளைக் கீழே இறங்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அவர்கள் பேசி முடிக்கும் வரை கையைத் தூக்கியபடியே நின்றாள்.

வேலையை விட்டு நிறுத்தவில்லை. அந்த அளவுக்கு இன்னொருத்தியைத் தேட நேரமில்லை. ஒன்பது வாரத்தில் அடுத்த ஃபிட்டிங். மேனேஜர் ஒரு அளவுத் தாளை மடித்துக் கொடுத்து, “டாக்டர்கிட்ட காட்டு. அரை சென்டிமீட்டர் அப்படி இப்படி இருந்தா பரவாயில்ல. அதுக்கு மேல கூடாது,” என்றார்.

டாக்டர் அதை இரண்டு முறை படித்தார். “என்னம்மா இது, எனக்கு ஆர்டரா? நான் டெய்லர் இல்ல.” அழுத்திப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். “தோல் மெலிஞ்சு போச்சு. ரெண்டையும் எடுத்துட்டு விட்டுடறதுதான் நல்லது. திரும்ப வச்சா நிக்குமான்னு சொல்ல முடியாது.”

“எடுத்துட்டா எவ்ளோ வரும் டாக்டர்?”

“எது எவ்ளோ?”

“சுத்தளவு.”

“எண்பத்தஞ்சு, எண்பத்தாறு.”

“வச்சுடுங்க,” என்றாள்.

உறையைச் சுரண்டி எடுத்து, வலது பக்கத்தையும் சேர்த்து மாற்றி, இரண்டு புதுப் பை வைத்தார். பதினெட்டாம் நாள் இடது பக்கம் சிவந்து காய்ச்சல் கண்டது. தையல் ஓரம் நீர் கசிந்தது. புருஷன் பார்த்துவிட்டு வாஷர் ஜோக்கை மறுபடி சொன்னான். முடிப்பதற்குள் அவள் வாந்தி எடுத்தாள். அன்றே திறந்து இடது பையை வெளியே எடுத்தார்கள். புண் ஆற வேண்டும், ஆறு மாதம் அங்கே எதுவும் வைக்கக்கூடாது.

மேனேஜர் போன் செய்தார். உடம்பு எப்படி என்று கேட்கவில்லை. “வலது பக்கம் எப்படி இருக்கு?” என்று கேட்டார்.

மறுநாள் மாஸ்டர் வீட்டுக்கே வந்தார். செருப்பைக் கழற்றும்போதே சட்டைப் பையிலிருந்து டேப் எட்டிப் பார்த்தது. தண்ணீர் குடித்தார். தொண்டையைச் செருமினார்.

“பாதி இருந்தா போதும்மா. நான் பாதியைத்தானே வரையறேன்? ஸ்டூலைத் திருப்பிப் போட்டாச்சு. இனிமே வலது பக்கம்தான் ஜன்னல்.”

“நீர் வடியற ட்யூப் இன்னும் எடுக்கல மாஸ்டர்.”

“அது இடது பக்கம்தானே?”

புருஷன் கதவில் சாய்ந்துகொண்டு, “பாதி வேலைக்குப் பாதி லீவாவது தருவாங்களா?” என்றான். மாஸ்டர் அதற்குச் சிரித்தார். பத்து நாளில் அவள் போய் நின்றாள். போகாவிட்டால் செக்கிங் லைன். இடது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாதவளுக்கு அங்கேயும் இடமில்லை.

இடது கப்பில் பஞ்சு அடைத்தார்கள். இந்த முறை ஃபிட்டிங் வீடியோ காலில். கேமராவில் விழாமல் இருக்க அந்தப் பக்கம் ஒரு துணியைத் தொங்கவிட்டார் மேனேஜர். வாங்குகிற அம்மாள் திரையில் தலையாட்டினாள். செக்கிங் லைனில் அதற்குள் புதுப் பெயர் வைத்தாகிவிட்டது: நாப்பத்தஞ்சு. சின்னவர்கள் அதற்கும் அக்கா சேர்த்தார்கள்.

“எங்கே கடிக்குது?” என்றார் மாஸ்டர், வலது பக்கம் நின்று.

பட்டை இடது பக்கத் தழும்பின் மேல் ஏறியிருந்தது. கண்ணில் நீர் முட்டியது. அவள் விரலை அங்கே கொண்டு போனாள்.

“அந்தப் பக்கம் கணக்குல இல்லம்மா,” என்றார் மாஸ்டர். எரிச்சல்கூட இல்லை, ஞாபகப்படுத்துகிற குரல். “இந்தப் பக்கம் சொல்லு.”

“இந்தப் பக்கம் ஒண்ணும் கடிக்கல.”

“பாத்தீங்களா சார்? இப்பதான் கச்சிதமா உக்காருது.”

திரையில் இருந்தவள் கை தட்டினாள். மேனேஜரும் தட்டினார். அவளைக் கீழே இறக்கிவிட மாஸ்டர் கை நீட்டினார், இடது பக்கம் சுற்றி வந்து. அவள் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு தானே இறங்கினாள்.

ஆறு மாதம் இப்படியே நின்றாள். பிறகு டாக்டரிடம் போனாள். அவர் புது இடது பைக்கான படிவத்தை எடுத்து வைத்திருந்தார்.

“அது வேணாம் டாக்டர். வலது பக்கத்தையும் எடுத்துடுங்க.”

“அது நல்லாத்தானேம்மா இருக்கு?”

“அதான்.”

டாக்டர் அந்தப் படிவத்தை வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தார். “கம்பெனியில சொல்லிட்டீங்களா?”

“நீங்க சொல்வீங்கன்னு நினைச்சேன்,” என்றாள். அவர் முகம் சிவந்தது. இந்த முறை படிவத்தை முழுதாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். இருபது நிமிடம் ஆனது. வெளியே காத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள்.

வரும் புதன்கிழமை காலை ஏழு மணிக்கு அறுவை. வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருக்கிறார்கள். அதே புதன்கிழமை பத்தரைக்குச் சாம்பிள் ரூமில் அடுத்த சீசனின் முதல் ஃபிட்டிங். வாங்குகிற கம்பெனியிலிருந்து மூன்று பேர் நேரில் வருகிறார்கள்.