தீவின் பொதுப் பெட்டிக்கு ஒரு சாவி

மாசாய் வாழ் சிங்காரவேலு மகன் அருணகிரி ஆகிய நான், எழுபத்தோராம் அகவை நிறைந்து, இன்றும் கை நடுங்காமல் செப்புக் குழாயைப் பற்றவைக்கும் திறன் உடையவனாய் இதனை எழுதுகிறேன். பிரீசர் பழுதுபார்ப்பவனை உலகம் நினைப்பது மீன் நாறத் தொடங்கிய பிறகுதான். பிறர் அடுக்களையில் மண்டியிட்டே முதுகு வளைந்த என் தொழில் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மெர்சிங் படகுத்துறைக்கு அப்பால் கடலிலுள்ள ஒரு சிறு தீவுக்குப் பிரீசர் பெட்டி பொருத்தப் போய் நான் கண்டவற்றை மட்டும் இங்கே சொல்கிறேன்.

தையல் இயந்திரம் வேண்டாதவர்கள்

எங்கள் ஊருக்கு அருகே பெர்மாஸ் ஜெயாவில் ஒரு நற்பணி மன்றம் உண்டு. அதன் தலைவர் நல்ல மனிதர். வயதில் மூத்த எவரையும் ‘ஐயா’ என்றே அழைப்பவர். தீவின் வறுமையைப் போக்கத் தையல் இயந்திரங்கள் வழங்குவதென மன்றம் முடிவு செய்திருந்தது. தீவுப் பெண்களோ கூடிப் பேசி, வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டனர். ஆண்டிறுதியில் கடல் கொந்தளித்துப் படகுகள் நின்றுவிடும். மீன் பிடிக்கவும் முடியாது, மெர்சிங் சந்தைக்குப் போகவும் முடியாது. அந்த மாதங்களுக்கு மீனைச் சேர்த்துவைக்க ஊருக்குப் பொதுவாய் ஒரு பெரிய பிரீசர் இருந்தால் போதும், மற்றதை நாங்களே பார்த்துக்கொள்வோம் என்றனர்.

இச்செய்தியைக் கொண்டுவந்தவர் பிலோமினா. ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, தீவின் மருந்தகத்தில் தாதியாய்ப் பணிபுரியும் நம் தமிழ்ப் பெண். தலைவரின் முகம் வாடியதைக் கண்டு அவர் சொன்னது: “அங்க இருக்கிறதே முப்பது வீடுங்க தலைவரே. யாரு யாருக்கு சட்ட தச்சி விக்கிறது?”

பெயர் ஒட்டாத மீன்

மன்றம் இணங்கி வாங்கித் தந்த பெட்டியை ஊர் மண்டபத்தில் பொருத்தினேன். ஜெனரேட்டர் மாலையில்தான் ஓடும். மூடி இறுக்கமாய் இருந்தால் பகல் முழுதும் குளிர் தாங்கும். வீட்டுக்கு ஓர் அறையாகக் கம்பித் தடுப்பு அமைத்துத் தரட்டுமா என்று பெண்கள் குழுவின் தலைவி, ஊரே ‘மச்சிக்’ (அத்தை) என்றழைக்கும் ஜைனாப்பிடம் கேட்டேன். அவர் சிரித்தார். கடலுக்குப் போனவர் மீனைப் போடுவார், சட்டி காலியானவர் எடுப்பார், அவ்வளவுதான் என்றார். ஒரே வீட்டில் அண்ணனும் தம்பியும் சோடாப் புட்டிக்குப் பெயர் ஒட்டிவைக்கும் மாசாயிலிருந்து போனவன் நான், நம்ப முடியவில்லை.

அன்று நண்பகலில் ஒரு விதவை வந்தார். கடலுக்குப் போக ஆளில்லாத வீடு. பார்வையிழந்த தாய் வேறு. மூடியைத் திறந்து இரண்டு மீன்களை எடுத்து முக்காட்டு நுனியில் சுற்றிக்கொண்டு போனார். மண்டபத்தில் இருந்த எவரும் தலை நிமிரவில்லை. நான் மட்டும் பார்த்தேன். அதைக் கவனித்த ஜைனாப் மலாயில் சொன்னதை நம் பேச்சில் தருகிறேன்: “யாரு எடுக்கிறாங்கன்னு பார்த்தா, நாளைக்கு அவங்க முகத்த எப்படிப் பார்க்கிறது?”

தலைவரின் ஒழுங்கு

சில வாரங்களில் தலைவர் பெட்டியைப் பார்க்க வந்தார், என்னையும் அழைத்துக்கொண்டார். திருட்டுப் போனால் நன்கொடையாளர்களுக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டார். எல்லாரும் என்றார் ஜைனாப். எல்லாரும் என்பது ஒரு பெயராகாது, ஒருவர் பொறுப்பேற்க வேண்டும் என்று தலைவர் பையிலிருந்து ஒரு பித்தளைப் பூட்டை எடுத்தார். இவர்களுக்கு இது ஆகாது என்றேன். அவர் புன்னகைத்தார். பெட்டி மன்றத்தின் உடைமை; நான் பூட்டு மாட்டும் கொண்டியைப் பொருத்தினேன். சாவி ஜைனாப்பின் கைக்குப் போனது. படகில் திரும்பும்போது தலைவர் என் முழங்காலைத் தட்டிச் சொன்னார்: “சந்தேகம் இல்லீங்கய்யா. எல்லாம் ஒரு ஒழுங்குக்குத்தான்.”

ஜைனாப்பின் வாசல்

பெட்டி சரியாக நிறைவதில்லை என்று பிலோமினா அழைத்தார். போய்ப் பார்த்தேன், இயந்திரத்தில் ஒரு குறையும் இல்லை. மீனைப் போடவும் எடுக்கவும் ஜைனாப்பின் வாசலில் நின்று சாவி கேட்க வேண்டியிருந்தது. படகுள்ளவர்கள் அலுத்துப்போய் மீனை வீட்டிலேயே உப்பிட்டுக்கொண்டனர். ஜைனாப் சாவியைப் பெட்டியருகே ஓர் ஆணியில் மாட்டிவைத்தார். மீண்டும் வந்த தலைவர் அதைக் கண்டு, பொறுப்புணர்ச்சி குறித்து நீண்ட உரை ஆற்றிவிட்டுப் போனாராம். சாவி மறுபடி வீட்டுக்குள் போயிற்று.

விதவையோ அந்த வாசலுக்கு வரவே இல்லை. ஜைனாப் மீனைக் கொண்டுபோய்க் கொடுத்தபோதும், வீட்டில் இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார். பிலோமினா சொன்னது: “முன்ன அது பாட்டுக்கு வந்து எடுத்துக்கும் அண்ணே. இப்ப கேக்கணும். அந்தம்மா பசிய தாங்கிக்கும், கேக்குறத தாங்காது.”

தீர்மானத்திற்குக் காத்திருந்த கடல்

மெர்சிங் படகுத்துறையில் இறங்கியதும் தலைவரை அழைத்து, பூட்டைக் கழற்ற அனுமதி கேட்டேன். செயற்குழு தீபாவளி விருந்துபசரிப்புக்குப் பிறகுதான் கூடுமாம். கூடியபோது, ஆள் குறைவென்று ஒத்திவைத்தார்கள். அதற்குள் கடல் மூடிவிட்டது.

அந்த மழைக்காலத்தில் பெட்டி விரைவிலேயே காலியாயிற்று. உப்புமீன் இருந்தவர்கள் தத்தம் வீட்டுக்குள் உண்டனர். விதவையும் தாயும் மரவள்ளிக் கீரையும் கஞ்சியுமாய்க் காலம் தள்ள, கிழவியின் உடம்பு கரைந்து மருந்தகப் பாயில் படுக்கும்படி ஆயிற்று. பிழைத்துக்கொண்டார். தொலைபேசியில் இதைச் சொன்ன பிலோமினா கடைசியாகக் கேட்டார்: “உங்க தலைவருக்கு இன்னும் ஆள் சேரலையா?”

இரண்டு ஒருமனதான முடிவுகள்

கடல் திறக்கும் தறுவாயில் செயற்குழு பூட்டை நீக்க ஒருமனதாய்த் தீர்மானித்தது. முதல் படகில் திருப்புளியோடு போனேன். கொண்டியைக் கழற்றி, துளைகளை அடைத்து, இனி யாரும் யாரையும் கேட்க வேண்டாம் என்றேன். பெண்கள் ஏற்கெனவே கூடிப் பேசியிருந்தார்கள். பெட்டியையே எடுத்துப்போகச் சொன்னார்கள். ஜைனாப் மெலிந்திருந்தார். அவர் சொன்னது: “பூட்ட கழட்டிட்டீங்க. யாரு வீட்டுல மீன் இருந்துச்சு, யாரு குடுக்கல, எல்லாருக்கும் தெரிஞ்சிபோச்சு. அத எப்படிக் கழட்டுவீங்க?”

மன்றம் ஒருமனதாய்ப் பூட்டை நீக்க, தீவு ஒருமனதாய்ப் பெட்டியை மறுக்க, ஏழ்மையைத் தவிர மற்ற யாவும் இனிதே தீர்ந்த அந்த நாள், மாசி மாதத்துக் கடைசிச் சனிக்கிழமை.