கோரத்துக்கு மட்டும் பெண்கள்

எங்கள் கடற்கரையில் பெண்களுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தது மாதா கோயில்தான். கன்னியர் நடத்திய பள்ளி இல்லாவிட்டால் நான் துறைமுக அலுவலகத்தில் கூட்டக் குறிப்பு எழுதி ஓய்வு பெற்றிருக்க மாட்டேன். அந்தப் படிப்போடு ஊர்க்கூட்டத்தில் வாய் திறக்கக் கூடாது என்று சொன்னதும் அதே கோயில்தான். மதம் சமுதாயத்தை முன்னேற்றியதா, பின்னுக்கு இழுத்ததா என்று ஓய்வூதியர் சங்கத்தில் யாராவது கேட்டால், காலையிலா மாலையிலா என்று திருப்பிக் கேட்பேன்.

எங்கள் ஊரில் ஓட்டு தலைக்கட்டுக்குத்தான். தலைக்கட்டு என்றால் கல்யாணமான ஆண். அவன் செத்தால் அந்த வீட்டுக்குத் தலை கிடையாது. சென்ற ஆண்டு அடுத்த வீட்டுக்காரியின் கணவர் மாரடைப்பில் போனார். அவள் ஆள் வைத்துப் படகை ஓட்டினாள். நன்றாகவே ஓட்டினாள், அதுதான் பொறுக்கவில்லை. கரையில் அந்தப் படகு நிற்கும் இடம் ஆண்வழிக்கு உரியது, எனக்குத் தாருங்கள் என்று கணவரின் தம்பி கேட்டான். இடம் போனால் அவள் படகை விற்க வேண்டியதுதான்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் யாரும் கடலுக்குப் போவதில்லை. பூசை முடிந்ததும் கோயிலுக்குள்ளேயே ஊர்க்கூட்டம். அந்த ஞாயிறு முதலில் திருவிழாக் கொடியேற்றம், அடுத்து படகு நிற்கும் இடம். பாதி ஆண்கள் பிரசங்கத்தின்போதே டீக்கடைக்கு நழுவியிருந்தார்கள். செயலாளர் தலைகளை எண்ணிவிட்டு, "கோரம் இல்ல அண்ணாச்சி" என்றார். கூட்டம் நடத்தத் தேவையான ஆள்கணக்குக்கு இங்கிலீஷ்காரன் வைத்த பெயர், எங்கள் வாயில் இப்படி ஆகிவிட்டது. எங்கள் கூட்டங்களுக்குப் பொருத்தமான சொல்தான்.

ஊர்த்தலைவருக்குப் பசி. இடப்பக்கம் உட்கார்ந்திருந்த எங்களைப் பார்த்தார். "பொம்பளையளயும் சேத்து எண்ணுலே, ஆயிரும்."

எண்ணினார்கள். ஆகிவிட்டது. கொடியேற்றத் தீர்மானம் கைதட்டலோடு நிறைவேறியது.

"அடுத்து, இடம் தம்பிக்குத்தான்னு சொல்லுதவங்க கையத் தூக்குங்க."

ஆண்களில் பெரும்பாலோர் தூக்கினார்கள். "சரி, முடிஞ்சுது" என்றார் தலைவர். நான் எழுந்தேன்.

"தலைவரே, ஒழுங்குப் பிரச்சினை."

"ஆபீசரம்மா, இது துறைமுகம் இல்ல. உக்காருங்க."

"உக்காருதேன். எண்ணுன எங்க தலையள மட்டும் திருப்பித் தாங்க. அப்பம் கோரம் கிடையாது, கொடியேத்தத் தீர்மானமும் செல்லாது. கோரத்துக்கு உண்டுன்னா ஓட்டுக்கும் உண்டு. ரெண்டுல எது வேணும்?"

கொடியேறாத திருவிழாவை நினைத்து அவர் முகம் வெளுத்தது. பங்குத்தந்தையைப் பார்த்தார். பெண்ணுக்கு மவுனமே அழகு என்று அன்று காலைதான் பிரசங்கித்திருந்தார் அந்த மனிதர். இப்போது தாடியைத் தடவிக்கொண்டு சிரித்தார்.

"எண்ணச் சொன்னது நீங்கதான தலைவரே? எண்ணுனது எண்ணுனதுதான்."

அந்த ஒரு வாக்கியத்துக்காக அவருடைய பிரசங்கங்கள் அத்தனையையும் மன்னித்தேன்.

"இடம் அவளுக்கேன்னு சொல்லுதவங்க..." தலைவர் முடிக்கவில்லை. முதல் கை அடுத்த வீட்டுக்காரியுடையது. பிறகு வளையல் சத்தத்தோடு இடப்பக்கம் முழுவதும் கைகள். வலப்பக்கத்திலும் தயங்கித் தயங்கி ஒன்றிரண்டு.

"ஏளா, கையக் கீழ போடு!" என்று தம்பி கத்தினான். தூக்கியிருந்தவள் அவனுடைய மனைவி.

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எண்ணுதாவ, சும்மா இரும்."

செயலாளர் அவள் கையையும் எண்ணினார். ஆண்களைவிட நாங்கள் கூடுதல். திங்கட்கிழமை விடிகாலை அந்தப் படகு தன் இடத்திலிருந்தே கடலில் இறங்கியது.