ஒருத்தனுக்குப் பதினைந்து கன அடி

நான் இருக்கும் ஊரில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனால், வீட்டுக்காரர்கள் முதலில் காட்டுவது ப்ரீசர் வைக்கும் இடத்தைத்தான். கீழ்த்தளத்துக்குக் கூட்டிக்கொண்டுபோய், ஒரு மூலையைக் கையால் அளந்து காட்டி, "இங்கே நல்ல பெரியதாகவே வைக்கலாம்" என்பார்கள். மேலப்பாளையத்துக்காரனான எனக்குக் கேட்கத் தெரிந்ததெல்லாம் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்பதுதான். அதைக் கேட்டபோது வீட்டுக்கார அம்மாள் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. கனடாவின் நடுவில், எந்தப் பக்கம் திரும்பினாலும் கோதுமை வயலாகத் தெரியும் சின்ன ஊர் இது. டிராக்டர் பழுதுபார்க்கும் பட்டறையில் எனக்கு வேலை. குளிர்காலம் வருமுன் இங்கே ஒவ்வொரு குடும்பமும் பாதி மாட்டை மொத்தமாக வாங்கி உறையவைத்து வருஷம் முழுக்கச் சாப்பிடுகிறது. பட்டறையில் என்னோடு வேலை பார்க்கும் டேல், ஒருநாள் தன் வீட்டுக்கு அழைத்துப்போய் ப்ரீசர் மூடியைத் தூக்கிக் காட்டினான். நம் ஊரில் நகைப்பெட்டியைக்கூட யாரும் இத்தனை பெருமையாகத் திறந்து காட்டமாட்டார்கள்.

எனக்கும் அப்படியொரு பெட்டி வேண்டியிருந்தது. மூன்று வருஷமாகப் பெருநாளுக்கு ஆடறுத்துப் பங்கிடும் குர்பானியை ஊரிலேயே கொடுக்கச் சொல்லிவிடுவேன். இந்தப் பக்ரீதுக்கு இங்கே கொடுப்பது என்று முடிவெடுத்தேன். என் மனைவி ரஹ்மத்துக்கும் மகள் நஸ்ரினுக்கும் விசா வந்து நான்கு மாதமாகிவிட்டது. பெருநாளுக்கு வந்துவிடுவார்கள் என்று நானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். ரஹ்மத் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. "பாக்கலாம்" என்றாள். கல்யாணமான பதினாறு வருஷத்தில் அவள் பார்க்கலாம் என்று சொன்ன காரியம் ஒன்றுகூட நடந்ததில்லை. அது தெரிந்தும் ஒரு பண்ணையில் ஆட்டுக்குச் சொல்லிவைத்தேன். ஒரு சனிக்கிழமை காலை ப்ரீசர் வாங்கவும் கிளம்பினேன்.

கடையில் மூக்குக்கண்ணாடி போட்ட நடுவயதுக்காரர் ஒருவர் வந்தார். "எத்தனை பேருக்குச் சாப்பாடு?" என்று கேட்டார். ஆளுக்கு இத்தனை கன அடி என்று அவர்களுக்கு ஒரு கணக்கு உண்டாம். என் புத்தி குர்பானியில் இருந்ததால் மேலப்பாளையத்தில் எங்கள் கறி போகும் வீடுகளை மனதுக்குள் எண்ணி, "நாற்பது இருக்கும்" என்றேன். மனிதர் முகம் மலர்ந்துவிட்டது. ஹோட்டல்காரர்களுக்கான பகுதிக்கு அழைத்துப்போய், நாலு ஆள் படுத்து உறங்கும் அளவுக்கு ஒன்றைத் திறந்து காட்டினார். இது சமைத்துப் போட அல்ல, பங்கு கொடுக்க என்று விளக்கினேன். யாருக்கு என்றார். தெருவுக்கு என்றேன். "எந்தத் தெரு?" என்று அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குச் சொல்ல ஒரு தெரு இல்லை. வீட்டில் மூன்று பேர் என்று சொல்லிப் பேச்சை மாற்றினேன்.

யோசித்தால் வேடிக்கைதான். நாற்பது வீட்டுக்குக் கறி கொடுத்த எங்கள் வீட்டில் இருந்தது ஒற்றைக் கதவு பிரிட்ஜ். அதன் உச்சியில் ஐஸ் பெட்டி என்று ஒன்று உண்டு, இரண்டு கிலோ வைத்தால் கதவு சாத்தாது. குர்பானி கறியை மூன்று பங்கு வைப்போம்: வீட்டுக்கு ஒன்று, சொந்தபந்தத்துக்கும் அக்கம்பக்கத்துக்கும் ஒன்று, இல்லாதவர்களுக்கு ஒன்று. உம்மா பீடி சுற்றுகிறவள். பைகளின் வாயைப் பீடி நூலால் கட்டி வரிசையாகப் பாயில் வைப்பாள். நான் பை கொண்டுபோன வீடுகளிலிருந்து எங்களுக்கும் பை வரும், கொடுத்ததைவிடக் கூடுதலாகவே வரும். முக்குக் கடை அண்ணாச்சி மட்டும் யாராவது கொண்டுவந்து தரட்டும் என்று காத்திருக்காமல் தூக்குவாளியோடு அவரே வந்து நிற்பார். "எலும்பு கூடக் கெடக்கட்டும் வே, கஞ்சத்தனம் பண்ணாதயும்" என்று வாப்பாவைச் சீண்டுவார். பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்குள் பாய் காலியாகிவிடும். மிச்சத்தை எங்கே வைப்பது என்ற கவலையே எங்களுக்கு வந்ததில்லை.

கடைக்காரர் பொறுமைசாலி. அலமாரி போல நிற்கிற வகையில் தேடுவது சுலபம், ஆனால் கதவைத் திறந்தால் குளிரெல்லாம் காலடியில் கொட்டிவிடும் என்றார். மேலே மூடி திறக்கிற பெட்டி வகையில் குளிர் உள்ளேயே தங்கும், கரண்ட் போனாலும் இரண்டு நாள் தாங்கும், அடியில் கிடப்பதை எடுக்கக் குனிந்து தேட வேண்டும், அவ்வளவுதான். தானாக ஐஸ் கரையும் வகை வேண்டாம், நாள்பட்ட கறியை வறட்டிவிடும் என்றார். கார் நிறுத்தும் கொட்டகையில் வைத்தால் இந்த ஊர்க் குளிருக்குச் சில ப்ரீசர்கள் ஓடாமல் நின்றுவிடும் என்றபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பெட்டி வகைதான் என்று முடிவாயிற்று. ஏழு கன அடியா, பதினைந்தா என்பதுதான் பாக்கி. ஊரில் அப்போது இரவு எட்டரை. ரஹ்மத்தை வீடியோவில் கூப்பிட்டு இரண்டையும் காட்டினேன்.

"எத வாங்குதிய?" என்றாள்.

"பெருசுதான். மூணு பேருக்கு வேணும்லா."

"சின்னதே போதும். ஒத்த ஆளு என்னத்தத் திங்கப் போறிய" என்றாள்.

அப்போதே கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் சொல்லிவிடுவாளே என்று பயந்துபோய், கடையில் கூட்டமாக இருக்கிறது என்று பொய் சொல்லி போனை வைத்தேன். பதினைந்து கன அடியையே வாங்கினேன். வீம்புதான், வேறென்ன சொல்வது. டேல் ஒரு பக்கம் பிடிக்க, கீழ்த்தளக் கதவைக் கழற்றித்தான் இறக்க முடிந்தது. சாய்த்துக் கொண்டுவந்ததால் சில மணி நேரம் சும்மா நிற்கவிட்டுக் கரண்ட் கொடுத்தோம். காலியாகக் கிடந்தால் குளிர் நிற்காது, பாட்டில்களில் தண்ணீர் பிடித்து நிரப்பி வை என்றான் டேல். அன்று சாயங்காலம் முழுக்கத் தண்ணீர் பிடித்தேன். பெண்டாட்டி பிள்ளை வந்து சாப்பிட வாங்கிய பெட்டிக்குள் தண்ணீர் பாட்டில்களை அடுக்கும்போது அழுகை வந்துவிட்டது. டேல் போய்விட்டிருந்தான், நல்லவேளை.

பெருநாளன்று ஆட்டை அறுத்து மூன்றாகப் பங்கு வைத்தேன். வீட்டுப் பங்கை, ரஹ்மத்தும் நஸ்ரினும் வந்தால் ஆக்கலாம் என்று பெட்டியின் அடியில் வைத்தேன். இல்லாதவர் பங்கை இரண்டு மணி நேரம் கார் ஓட்டி நகரத்துப் பள்ளிவாசலில் சேர்த்தேன். சொந்தபந்தப் பங்கைப் பைகளாக்கி என் வரிசையில் உள்ள ஆறு வீடுகளின் கதவைத் தட்டினேன். அடுத்த வீட்டு மார்கரெட் பையை வாங்கிப் பார்த்துவிட்டு, "அடடா, உன் ப்ரீசர் கெட்டுப்போய்விட்டதா?" என்றார். இல்லை, இன்று எங்களுக்குப் பெருநாள், இது உங்களுக்கு என்று சொன்னேன். என் ஆங்கிலம் பட்டறைக்குத்தான் போதும். அவர் என் தோளைத் தட்டி, கவலைப்படாதே, எங்களிடம் இடம் இருக்கிறது என்று சொல்லி, கணவரைக் கூப்பிட்டு உள்ளே கொடுத்தார். புரிந்துகொண்டார் என்று சந்தோஷமாக வந்தேன். நான்காம் நாள் வாசல் மணி அடித்தது. மார்கரெட் நின்றார், கையில் அட்டைப்பெட்டி. ஆறு வீட்டுப் பைகளும் உறைந்துபோய் அதில் இருந்தன. ஒவ்வொன்றிலும் என் பெயரும் தேதியும் எழுதியிருந்தது. எல்லோரிடமும் அவரே வாங்கிச் சேர்த்திருக்கிறார். "இப்போது சரியாகிவிட்டதா?" என்று கேட்டார்.

அந்த மனுஷியின் நல்ல மனதுக்கு நான் என்ன சொல்வது. சரியாகிவிட்டது, நன்றி என்றேன். கீழே கொண்டுபோய், பாட்டில்களை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பைகளை வைத்தேன். கொடுத்த பங்கு திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. வாங்க ஆள் இல்லாதவனாக ஆகிவிட்டேன் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

அடுத்த வாரம் ரஹ்மத்தே கூப்பிட்டாள். இங்கே வேலை விட்டு வந்து உட்கார்ந்திருந்தேன், ஜன்னலில் வெயில் இருந்தது. அங்கே விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும்.

"நா வரலங்க" என்றாள். சுற்றி வளைக்கவில்லை. "மாமி விழுந்ததுல இருந்து தனியா எந்திரிக்க மாட்டுக்காவ. அவியள யாருகிட்ட விட்டுட்டு வர? நஸ்ரினும் இங்கனதான் படிப்பேங்கா. நீங்க வந்துருங்களேன்."

விழுந்தது என் உம்மா. அவளைப் பார்த்துக்கொள்வதற்காகத்தான் வரவில்லை என்கிறாள். கோபப்படக்கூட எனக்கு வழியில்லை. வந்து அங்கே என்ன வேலை பார்க்க என்று கேட்க வாயெடுத்து, "பாக்கலாம்" என்று மட்டும் சொன்னேன். அந்தச் சொல்லின் அர்த்தம் அவளுக்கும் தெரியும்.

"இன்னொன்னு" என்று தன் அண்ணன் கொடுத்த குர்பானிப் பேச்சுக்கு வந்தாள். "எங்க காக்கா குடுத்த ஆட்டுல ஒங்க பங்குன்னு மாமி தனியா எடுத்து ஐஸ் பெட்டியில வச்சிருக்காவ. யாரையும் தொட விடல. இங்கன கரண்டு போய்ப் போய் வருது, ஒழுக ஆரம்பிச்சிட்டு. என்ன செய்யட்டும்?"

"ஆக்கிரு" என்றேன்.

"ஆக்கிரவா?" என்று இன்னொரு தரம் கேட்டாள். நான் ம் போட்டேன். "எங்க பங்க என்ன செஞ்சிய?" என்றாள்.

"இருக்கு. இங்க கரண்டு போகாது."

அன்று மதியம் மேலப்பாளையத்தில் என் பங்கைச் சமைத்து மூன்று பேரும் சாப்பிட்டிருக்கிறார்கள். உம்மா மட்டும் கொஞ்சமாகத்தான் தின்றாளாம். அவர்களுடைய பங்கு இங்கே பெட்டியின் அடியில் கல்லாகக் கிடக்கிறது.