ஆறு கட்டும் ஒரு காலி இலையும்

மேடவாக்கத்தில் தண்ணி லாரி குமரேசன் என்றால் தெரியாதவர்கள் குறைவு. லாரி இரண்டு, வயது நாற்பத்து நான்கு, தொப்பை ஒன்று. மூன்றில் தொப்பையைத்தான் ஊர் முதலில் பார்க்கும். அப்பா காலத்தில் நெல் விளைந்த இடத்தில் இப்போது அடுக்குமாடிகள். மிச்சமிருக்கும் கிணற்றுத் தண்ணீர் அந்த அடுக்குமாடிகளுக்கே லாரியில் போகிறது. உட்கார்ந்த இடத்தில் தொழில், நினைத்த நேரத்தில் போண்டா. தொப்பை வந்ததில் யாருக்கும் ஆச்சரியமில்லை, அவனுக்கும் இல்லை.

எல்லாம் போன ஆடித் திருவிழா வரைக்கும்தான். அம்மன் ஊர்வலத்தில் முன்பக்கம் தோள் கொடுப்பது அவன் குடும்பத்து உரிமை. வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, மேலுக்கு ஒன்றுமில்லாமல், பம்பைச் சத்தம் ஏற ஏற சாமியைத் தோளில் வைத்தே ஆடுவார்கள். போன வருடம் பங்காளி வீட்டுப் பிள்ளை ஒருத்தன் அதை போனில் படம் பிடித்தான். அம்மன் முகத்தைப் பிடித்திருக்கலாம். அந்தப் புண்ணியவான் பிடித்தது குமரேசனின் வயிற்றை. பம்பை ஒரு கணக்கில் அடிக்க, வயிறு கொஞ்சம் தாமதமாக, தன் கணக்கில் ஆடியது. குடும்ப வாட்ஸப் குழுவில் கண்ணில் நீர் வரச் சிரிக்கும் பொம்மைகள் வரிசையாக விழுந்தன. அவன் மனைவி ஹேமாவதிகூட அவசரத்தில் ஒன்றைப் போட்டுவிட்டு, பிறகு அழித்தாள். அவள் போட்டதையும் பார்த்தான், அழித்ததையும் பார்த்தான்.

"சிரிக்கறவன் சிரிக்கட்டும். வர்ற ஆடிக்கு சிக்ஸ் பேக்கோட சாமி தூக்கறேன். ஆறு கட்டும் தெரியும் பாரு" என்றான். ஹேமாவதி ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டே "சரிங்க" என்றாள். நம்பாதவர்கள் சொல்கிற சரி அது.

சேலையூரில் ஒரு மாடியில் ஜிம் நடத்தும் கிறிஸ்டினாவிடம் போய்ச் சேர்ந்தான். முப்பது வயதுப் பெண். பளு தூக்கிப் பரிசு வாங்கியவள். அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு அவள் சொன்னது இவ்வளவுதான்: "வூட்டு சாப்பாடே சாப்டுங்கண்ணா. சோத்தைப் பாதியாக்குங்க, முட்டை கறி சேத்துக்குங்க, போண்டாவ விடுங்க. தினம் வந்து வெயிட் தூக்குங்க. மெதுவா வந்துடும்."

குமரேசனுக்கு ஏமாற்றமாகிவிட்டது. ஆறு கட்டு என்பது எவ்வளவு பெரிய காரியம். அதற்கு வீட்டுச் சோற்றைப் பாதியாகச் சாப்பிடு என்றால் என்ன மரியாதை இருக்கிறது. கஷ்டம் வேண்டாமா. கஷ்டத்தை போனில் தேடினான், கிடைத்தது. சட்டை போடாத ஒருவன் கண்ணாடி முன் நின்று, க்ளீன் ஈட்டிங், க்ளீன் ஈட்டிங் என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அரிசி ஆகாது, எண்ணெய் ஆகாது, பால் சர்க்கரை ஆகாது, அடுத்தவர் சமைத்தது கூடவே கூடாது. குமரேசனுக்கு அது பிடித்துப்போனது. காப்புக் கட்டிக்கொண்டு விரதமிருக்கிற குடும்பத்தில் பிறந்தவன். டயட்டுக்கும் மனசுக்குள் ஒரு காப்பைக் கட்டிக்கொண்டான். ஒரு வாய் பிசகினாலும் மொத்தமும் போச்சு என்று நம்பினான்.

அன்றிலிருந்து அவித்த கோழி, அவித்த காய், முட்டையின் வெள்ளை. மஞ்சள் கருவையெல்லாம் ஹேமாவதி பொடிமாஸ் செய்தாள், குழம்பில் போட்டாள், கடைசியில் பிள்ளைகள் மஞ்சளாக எதைப் பார்த்தாலும் எழுந்து ஓடும் நிலைமை வந்தது. எங்கே போனாலும் அவன் கையில் ஒரு நீல டப்பா. லாரி ஓட்டுநர்கள் அதற்கு ஆக்சிஜன் என்று பேர் வைத்தார்கள்.

தொப்பை இறங்கியது, அதில் பொய்யில்லை. தை மாதம் வயிற்றில் முதல் கோடு தெரிந்தது. அவன் விளக்கைப் போட்டுப் பார்த்தான், அணைத்துப் பார்த்தான், ஹேமாவதியை எழுப்பிப் பார்க்கச் சொன்னான்.

பங்குனியில் ஊரப்பாக்கத்தில் அவன் அக்கா சுபத்ராவின் வீடு கிரகப்பிரவேசம்.

இந்த அக்காவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால், தாம்பரத்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த பக்தவச்சலத்தைக் காதலித்து வீட்டை விட்டுப் போய்க் கட்டிக்கொண்டாள். மாப்பிள்ளை வேறு சாதி. அவர்கள் எங்களைவிடக் கீழே என்று மேடவாக்கத்து உறவு ஒரே குரலில் சொன்னது. அந்த வீட்டில் யாரும் கை நனைக்கக் கூடாது என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். ஒரு வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டால் உறவு உண்டு, சாப்பிடாவிட்டால் இல்லை. அதைத்தான் கை நனைப்பது என்பார்கள்.

அப்போது குமரேசனுக்கு இருபத்திரண்டு வயது. யாரிடமும் சொல்லாமல் தாம்பரத்தில் ரயிலேறி ஊரப்பாக்கத்தில் இறங்கினான். விசாரித்துக்கொண்டே அந்த ஒற்றை அறை வாடகை வீட்டைக் கண்டுபிடித்தான். சுபத்ரா கதவைத் திறந்தாள். "சோறு போடுக்கா" என்று உள்ளே போய் உட்கார்ந்தான். கருவாட்டுக் குழம்பு ஊற்றி மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டான். கை கழுவும்போது "உப்பு கம்மி" என்றான். அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். அவன் ஊர் திரும்பி, ஆமாம் சாப்பிட்டேன் என்று அப்பாவிடமே சொன்னான். ஒரு வருடத்துக்குள் அம்மா அந்த வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டாள், பிறகு அப்பாவும் சாப்பிட்டார். அந்த உறவு ஒட்டியது குமரேசன் தின்ற சோற்றில்தான்.

இப்போது அதே ஊரப்பாக்கத்தில் சொந்த வீடு. சுபத்ரா முதல் பந்தியில், கணவனின் அண்ணனுக்குப் பக்கத்தில், தம்பிக்கு என்று ஒரு இலை போட்டு வைத்திருந்தாள். பட்டுப்புடவையில் வேர்த்துப்போய் ஓடி வந்து, "வாடா, உனுக்குத்தான் பந்தியே நிறுத்தி வெச்சிகீறேன்" என்று கையைப் பிடித்தாள்.

"இல்லக்கா, நான் இப்ப க்ளீனாதான் சாப்புடறது. இதெல்லாம் தொடறதில்ல" என்றான் குமரேசன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னான். சட்டைக்கு மேலாக வயிற்றையும் தட்டிக் காட்டினான். பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பக்தவச்சலத்தின் அண்ணன் தன் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். குமரேசன் வாசலுக்குப் போய், காரில் ஏசியைப் போட்டுக்கொண்டு நீல டப்பாவைத் திறந்தான்.

அவனுக்குப் போட்ட இலை, தண்ணீர் தெளித்தபடி, காலியாகவே கிடந்தது. பந்தி எழுந்ததும் சுபத்ரா வந்து அந்த இலையைத் தானே மூடி எடுத்தாள். ஹேமாவதி அதைப் பார்த்தாள்.

பார்த்ததை அவள் வீட்டில் சொல்லாமலும் இல்லை. ஒரு தரம் சொன்னபோது அவன் காதில் பாட்டு ஓடியது. இன்னொரு தரம் தரையில் முழங்கை ஊன்றி மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான். கேட்டது முக்கல் மட்டும்தான். போதும்டா சாமி என்று விட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு சுபத்ராவின் போன் குறைந்தது. ஒரு நாள் மேடவாக்கம் பக்கம் வந்தவள் வாசலிலேயே நின்று பேசினாள். ஹேமாவதி காபி கொண்டுவந்தபோது, "இப்பதான் குடிச்சேன்மா" என்று சொல்லிவிட்டுப் பேருந்துக்குப் போனாள். அக்காவுக்கு வீட்டு வேலை ஜாஸ்தி என்று குமரேசன் நினைத்துக்கொண்டான். வயிற்றில் நாலு கட்டு தெளிவாகத் தெரிந்தது. மீதி இரண்டும் வருவேனா மாட்டேனா என்று நின்றன. வேறு எதையும் நினைக்க அவனுக்கு எங்கே நேரம்.

ஆடி பிறந்தது. திருவிழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அக்காவுக்கு போன் போட்டான். "ஞாயித்துக்கிழமை வூட்ல கூழ் ஊத்தறோம். சாயங்காலம் சாமி. காலையிலயே வந்துடுக்கா."

"வர்றேன்டா" என்றாள் சுபத்ரா. "சாப்பாடு மட்டும் வாணாம். நானும் க்ளீனா இருந்து பாக்கலாம்னு" என்றாள். சண்டைக் குரலே இல்லை. கறிவேப்பிலை தீர்ந்துபோச்சு என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

குமரேசன் போனை வைத்துவிட்டு மலர்ந்த முகத்தோடு அடுப்படிக்கு வந்தான். "அக்காவும் டயட் ஆரம்பிச்சிடிச்சு ஹேமா. என்னைப் பாத்துதான்."

ஹேமாவதி அடுப்பை அணைத்தாள். அவன் கையிலிருந்த போனை வாங்கி மேடையில் கவிழ்த்து வைத்தாள். "இன்னிக்காவது காது குடுத்துக் கேளுங்க" என்றாள். அந்த இலையைச் சொன்னாள். யார் பக்கத்தில் போட்டிருந்தது என்று சொன்னாள். "க்ளீனா சாப்புடறேன், இதெல்லாம் தொடறதில்லன்னீங்களே, அந்த வூட்டு ஆளுங்க முன்னாடி, அது அவங்க காதுல எப்படி விழுந்திருக்கும்? நம்ம ஊரு அவங்களுக்குச் சொன்ன பழைய வார்த்தைதானே அது. மொத மொத அந்த வூட்ல கை நனைச்சது நீங்க. நீங்களே இப்ப மாட்டேன்னுட்டீங்க."

குமரேசன் ஸ்டூலில் உட்கார்ந்தான். அக்கா வேர்த்த கையால் தன் கையைப் பிடித்தது ஞாபகம் வந்தது. தான் வயிற்றைத் தட்டிக் காட்டியதும் ஞாபகம் வந்தது. சீ என்றிருந்தது. ஆறு மாதமாகக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்ட வயிறு, அந்த நேரத்தில் அவனுக்கே பிடிக்கவில்லை.

சாவியை எடுத்தான். நீல டப்பா மேசையிலேயே இருந்தது. கடைசி வாரம்தான் முக்கியம், ஒரு பருக்கை உள்ளே போனாலும் இத்தனை நாள் பட்டதெல்லாம் வீண் என்று போனில் வந்த கண்ணாடிக்காரன் சொல்லியிருந்தான். குமரேசன் அதை நம்பினான். நம்பிக்கொண்டேதான் வண்டியைக் கிளப்பினான். கேம்ப் ரோடு நெரிசல், தாம்பரம் மேம்பாலம், பெருங்களத்தூர் சிக்னல் என்று எல்லா இடத்திலும் அக்காவிடம் என்ன பேசுவது என்று யோசித்தான். ஊரப்பாக்கம் வந்தும் ஒன்றும் அமையவில்லை.

சுபத்ரா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். மதியச் சாப்பாடு முடிந்து நேரமாகியிருந்தது. தம்பியைப் பார்த்ததும் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னாடா திடீர்னு?"

"சோறு போடுக்கா."

அவள் அசையவில்லை. "உன் டயட்டு?"

"அது கெடக்குது."

"எங்க வூட்ல க்ளீனா ஒண்ணும் இல்லடா. நேத்து வெச்ச கருவாட்டுக் கொழம்புதான் கீது."

அந்தச் சொல் தன்னிடமே திரும்பி வந்ததில் அவனுக்குக் கண் கலங்கியது. "புத்தி கெட்டுப் பேசிட்டேன்க்கா. வயித்துல கோடு வரணும்னு இருந்தனே தவிர, சத்தியமா வேற ஒண்ணும் நெனக்கல. அடிக்கணும்னா அடி. சோறு மட்டும் போடு."

குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவிவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தான். சுபத்ரா தட்டு வைத்தாள். சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றினாள், நிறையவே ஊற்றினாள். அவன் முதல் உருண்டையை எடுத்தபோது, ஆறும் போகட்டும் என்று உள்ளுக்குள் விடை கொடுத்தான். பிறகு அந்த நினைப்பும் போய்விட்டது. பல மாதங்களுக்குப் பிறகு புளியும் காரமும் நாக்கில் பட்டன. மறுசோறு வாங்கினான். அக்கா எதிரே உட்கார்ந்து அவன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தட்டை வழித்துவிட்டு நிமிர்ந்தான். "உப்பு கம்மி" என்றான்.

சுபத்ரா எழுந்து உப்பு எடுக்க அடுப்படிக்குள் போனாள். சாப்பிட்டு முடித்தவனுக்கு எதற்கு உப்பு. ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. மூக்கைச் சிந்தும் சத்தம் மட்டும் கேட்டது.

மறுநாள் ஜிம்முக்குப் போய், குற்றவாளி மாதிரி நின்று கிறிஸ்டினாவிடம் நடந்ததைச் சொன்னான். கருவாட்டுக் குழம்பு, இரண்டு தட்டுச் சோறு, எல்லாம் போச்சு என்றான்.

"எங்க போச்சு?" என்றாள் அவள். "மொத நாளே சொன்னேனேண்ணா, அளவுதான் கணக்குன்னு. சோறா ஓட்ஸான்னு வயிறு பாக்காது. எல்லா நாளும் அளவு மீறினா கொழுப்பு மூடும். ஒரு நாள் அக்கா வூட்ல சாப்டா ஒண்ணும் மூடாது. நான் ஞாயித்துக்கிழமையானா எங்கம்மா பிரியாணிதான் சாப்பிடறேன். எனக்கு இல்லியா?" டீ சர்ட்டுக்கு மேலேயே வயிற்றில் தட்டிக் காட்டினாள். கதவைத் தட்டின மாதிரி சத்தம் வந்தது. "கோடு தெரியணும்னா கொஞ்சம் கட்டுப்பாடு வேணும்தான். அதுக்காக சாமியாரா போவணும்னு உங்களுக்கு யார் சொன்னது?"

கண்ணாடிக்காரன் பேரைச் சொல்லக் குமரேசனுக்கு வெட்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சுபத்ராவும் பக்தவச்சலமும் காலையிலேயே வந்தார்கள். ஹேமாவதி கூழ் ஊற்றிக் கொடுத்தாள். சுபத்ரா வாங்கிக் குடித்தாள். முருங்கைக்கீரையும் கேட்டு வாங்கினாள். குமரேசனும் ஒரு சொம்பு குடித்தான். மஞ்சள் கருவோடு முழு முட்டையும் தின்றான். பிள்ளைகள் தங்களைக் காப்பாற்ற வந்த தெய்வமாக அவனைப் பார்த்தார்கள்.

சாயங்காலம் பம்பை முழங்கியது. வேட்டியை இறுக்கி, மேலுக்கு ஒன்றுமில்லாமல் முன்பக்கம் தோள் கொடுத்து நின்றான் குமரேசன். ஆறு கட்டும் தெரிந்தன. கீழே இருந்த இரண்டும் கொஞ்சம் மங்கல்தான், ஆனால் இருந்தன. பங்காளி வீட்டுப் பிள்ளை போனைத் தூக்கிப் பிடித்து, வாயைத் திறந்தபடி படம் எடுத்தான். யாரோ விசிலடித்தார்கள். ஹேமாவதி யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு, மறுபடியும் அவனைப் பார்த்தாள்.

சாமி திரும்புகிற முனையில் கொஞ்சம் இறக்கி வைத்தபோது, கூட்டத்தை விலக்கிக்கொண்டு சுபத்ரா வந்தாள். தம்பியின் மார்பைப் பார்த்தாள், வயிற்றைப் பார்த்தாள். அந்த ஆறு கட்டின் மேல் உள்ளங்கையை வைத்தாள். அவள் முகம் சுருங்கியது.

"இன்னாடா இப்படி ஒட்டிப்போய் கெடக்குது" என்றாள். "பசிக்குதாடா?"

ஒரு வருடப் பாடு அவ்வளவுதான். குமரேசனுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. சாமி தூக்கத் தோளில் மடித்துப் போட்டிருந்த துண்டைச் சரிசெய்துகொண்டே சொன்னான்.

"பசிக்குதுக்கா. சாமி வூட்டாண்ட வந்ததும் சோறு போடு."